மலைப் பக்கம் மட்டும் மூடல

“உங்க வீட்டுக் கூரைய உங்க வீட்டு மேல வெச்சிக்க மாட்டீங்களா?”ன்னு உங்க வீட்டுக்காரரு கேட்டுட்டாரே! காலங்காத்தால, நான் இன்னும் பல்லு கூட வெளக்கல, காம்பவுண்டு செவுத்து மேல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு... ரேணுகாக்கா, நீங்களே சொல்லுங்க. கூரைய வேற எங்க வெப்பாங்க? மேலதான் வெச்சிருந்தோம். அது நேத்து காத்துல கெளம்பி உங்க வீட்டுக்கு வந்துட்டா நான் என்ன பண்றது? பேர் சொல்லிக் கூப்புட்டா திரும்பி வர்றதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா?

இல்ல இல்ல, நான் சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவ இப்படி நைட்டி மேல துண்டு போட்டுக்கிட்டா வருவா? உங்க வீட்டுக்காரர் குளிக்கப் போன சத்தம் கேட்டுத்தான் வந்தேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்த பேனரு. தகர சீட்டெல்லாம் மெதுவா எடுத்துக்கறோம், வெல்டர் ஆதிமூலம் ஆளுங்களக் கூட்டிட்டு வரேன்னிருக்கான். பேனரு மட்டும் இப்பவே வேணும். பாதி எங்க பக்கம் தொங்குது, பாருங்க, இந்த முனை என் கையில இருக்கு. அந்த முனைதான் உங்க முருங்கையில மாட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. கொஞ்சம் எடுத்து விட்டீங்கன்னா நான் இழுத்துக்குவேன்.

என்ன? பால் வெச்சிருக்கீங்களா? சிம்லதானே வெச்சிருக்கீங்க. பொங்காது. ஒரு நிமிஷம்.

முருங்கை முறிஞ்சிடுச்சி, ஒத்துக்கறேன். ஆனா முருங்கைங்க அது. காக்கா ஒரு தடவை இருமுனாலே முறியும். ஸ்கூட்டர் கண்ணாடி உடைஞ்சிடுச்சி, அதையும் ஒத்துக்கறேன், வாங்கி மாட்டிடுவோம். அவரு ஈஸி சேர் மேலயே சட்டம் விழுந்துச்சுன்றாரு. ஆமா, விழுந்துச்சி. அவரு அதுல இல்லயே! தூறல் போட்டதும் எழுந்து உள்ள போயிட்டாரே! சரி... போகாம இருந்திருந்தா... அத நெனச்சி நெனச்சி ராத்திரி பூரா தூங்கல. நான் ஒண்ணும் கல்லு இல்ல.

ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. “பேரு தென்றல். அதான் புயலுக்குக் கணக்கு போடத் தெரியல.” தெருவே சிரிச்சிது. பால்காரன் சைக்கிள நிறுத்திட்டு சிரிச்சான். சரி, ஊர் வாய மூட உலைமூடி இல்ல. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவரு எதுக்கு சிரிக்கணும்? உள்ள உக்காந்து காபி குடிச்சிக்கிட்டே, “கரெக்டா சொன்னாரு ராஜமாணிக்கம் சார்”ன்றாரு! பெத்த பொண்ணுங்க. கலெக்டராபீஸ்ல ஃபைல கட்டற நாடாவத் தவிர வாழ்க்கையில ஒண்ணையும் கட்டித் தெரியாத மனுஷன், கூரை கட்டறதப் பத்தி பேசறாரு.

தென்றல உங்களுக்கு சரியாத் தெரியாது. நீங்க குடி வந்தே ஒரு வருஷம் ஆகல. அவ வர்றது பொங்கலுக்கும் கார்த்திகை தீபத்துக்கும்தான். மெட்ராஸ்ல வேலை. என்ன வேலைன்னு கேட்டா எனக்கு மொதல்ல வாயில நுழையல, இப்போ நானே பாடம் எடுப்பேன். இரும்புல கட்டடம் கட்டறாங்கல்ல, அது விழாம நிக்க எவ்ளோ இரும்பு எங்க எங்க வேணும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுக் குடுக்கறது. நம்ம ஜனங்களுக்கு அது ஒரு வேலையாத் தெரியல. “கூரை போட எதுக்குக்கா கம்ப்யூட்டரு, கயிறு புடிச்சி அளந்தா போதாதா?”ன்னு ஆதிமூலம் என்னையே கேட்டான். அவன் போட்ட கொட்டாய் எத்தன பறந்துச்சுன்னு நான் திருப்பிக் கேட்டேன்.

இந்தக் கொட்டாய் எதுக்குப் போட்டோம்? தீபத்துக்குத்தான். கார்த்திகை வந்தாலே செய்யாத்துலருந்து ஒரு கூட்டம், போளூர்லருந்து ஒரு கூட்டம். பூரா அவரு சொந்தம். “உங்க வீட்டு மாடியிலருந்து மலை அப்படியே தெரியுமே”ன்னு சொல்லிக்கிட்டு வந்து எறங்கிடுவாங்க. மலை எல்லார் வீட்டுலருந்தும்தான் தெரியுது, ஆனா எங்க வீட்டுலதான் போண்டா சுடறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். வந்த இடத்துல கரெக்டா மழை புடிக்கும். அத்தனை பேரும் மாடியிலருந்து ஈரக் காலோட தடதடன்னு என் ஹால்ல எறங்குவாங்க. நாலு வருஷம் பொறுத்தேன். ‘மாடியில ஒரு சாய்ப்பு எறக்கிடு, அங்கயே நிக்கட்டும், அங்கயே தின்னட்டும்’னேன். தென்றல்தான், “நானே போட்டுத் தரேம்மா”ன்னா. அவளுக்கும் ஆசை. ஆபீஸ்ல அடுத்தவங்க கட்டடமா போட்டுப் போட்டு, நம்ம வீட்டுக்குன்னு ஒண்ணு போடணும்னு.

பொங்கல் லீவுல போட்டா. எங்க ஹால்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கும் பாருங்க, குரோஷா துணி போட்டு மூடி வெச்சிருப்பேனே, அதுல. நான் பக்கத்துல உக்காந்து மொச்சை உரிச்சிக்கிட்டு இருந்தேன். புள்ளி வெச்சி புள்ளி வெச்சி கோடு இழுக்கறா, கோலம் மாதிரியே. நாலு கால், மேல சாய்ப்பா ஒரு சட்டம். அப்புறம் அந்த சாய்ப்பு மேல அம்பு அம்பா மொளைக்குது. எல்லா அம்பும் மேல பாத்து! ‘ஏண்டி, தலகீழா போட்டுட்டியே. காத்து அடிச்சா கூரைய அமுக்கத்தானே செய்யும்?’னு கேட்டேன். சிரிக்கறா. “அமுக்காதும்மா, தூக்கும். மேலருந்து உறிஞ்சும்”ன்றா.

அப்போதான் எனக்கு எங்க சிஸ்டர் ஞாபகம் வந்துச்சி. நான் வேலூர்ல கான்வென்ட்ல படிச்சவ, தெரியும்ல? தெரியாதா? எங்க வீட்டுக்காரரு சொல்லலியா? எங்க வீட்டுக்காரரு அத எதுக்கு சொல்லப் போறாரு. எட்டாவதுல ஒரு மலையாளத்து சிஸ்டர், சயின்ஸ் எடுப்பாங்க. ஒரு காகிதத்த ஒதட்டுக்குக் கீழ புடிச்சி, மேலாக ஊதுனாங்க. கீழ போகும்னு பாத்தா காகிதம் மேல எழும்புது! “ஒய், சந்திரகலா?”ன்னு என்னப் பாத்தே கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? “பிகாஸ் யூ ஆர் ப்ளோயிங், சிஸ்டர்”னேன். முட்டி போட வெச்சிட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சி எம் பொண்ணு அதே பாடத்த எனக்கு எடுக்கறா, முட்டி போட வெக்காம.

இருங்க, இதயும் கேட்டுட்டுப் போங்க, அப்போதான் அவ எவ்ளோ ஜாக்கிரதையான பொண்ணுன்னு புரியும். ஆபீஸ்ல சேந்த புதுசுல இவளே ஒரு தடவை தப்பா போட்டிருக்கா. சாய்ப்பு மேல காத்த செங்குத்தா, மழை மாதிரி எறக்கிட்டா. அவங்க சீஃப் ஸ்கிரீனப் பாத்துட்டு, “என்னம்மா, காத்து அடிக்குதா, மழை பெய்யுதா?”ன்னு கேட்டாராம். அன்னிக்கு அழுதுட்டு வந்து எனக்கு போன் பண்ணா. அந்த சாஃப்ட்வேர் ஒண்ணு கேக்குமாம்: எந்த மேல, எந்த கீழ? பூமிக்கு ஒரு மேல கீழ இருக்கு, சட்டத்துக்குன்னு ஒரு மேல கீழ இருக்கு. சட்டம் சாஞ்சிருந்தா அதோட மேல கீழும் சாஞ்சிதான் இருக்கும். பூமியோடதுன்னு சொல்லிட்டா அம்பு செங்குத்தா நின்னுடும். அது தப்பு. காத்துக்கு சட்டத்தோடதத்தான் சொல்லணும். பூனைக்கு முடி சிலுத்துக்கும் பாருங்க, முதுகு எப்படி வளைஞ்சாலும் முடி முதுகுக்கு நேர்குத்தாத்தானே நிக்கும்? அந்த மாதிரி நிக்கணுமாம் அம்பு.

அப்புறம் மைனஸ். ஒரு சின்னக் கோடு. அது இருந்தா காத்து தூக்கும், இல்லன்னா அமுக்கும். அத மறந்தா என்ன ஆகும்? கூரை கம்ப்யூட்டர்ல பத்திரமா உக்காந்திருக்கும், ஊர்ல பறந்துடும். எங்க வீட்டுக்காரரு எங்கயோ காதுல வாங்கி வெச்சிருக்காரு, “அந்த மைனஸ விட்டிருப்பா உம் பொண்ணு”ன்றாரு. விடல! நான் பக்கத்துலயே இருந்தேன்ல. அந்தக் கோட்ட வெரலால தொட்டுத் தொட்டுப் பாத்தா. ஒரு பக்கத்துக் காத்துன்னு நிறுத்தல. மலைப் பக்கத்துலருந்து அடிச்சா எப்படி, உங்க வீட்டுப் பக்கத்துலருந்து அடிச்சா எப்படி, ரோட்டுப் பக்கம், காலி மனைப் பக்கம்... எல்லாத்துக்கும் தனித்தனியா போட்டா. மொச்சை குழம்பு ஆறிப் போச்சி, அவ எழுந்திருக்கல.

ஆதிமூலத்துக்கு ஒரே சலிப்பு. “இன்னாக்கா இது, இத்தனை போல்ட்டு? கல்யாண மண்டபமா கட்றோம்?”னு. ‘அவ சொன்னத போடு’னேன். போட்டான். ஒண்ணு கூட கம்மி இல்ல, நானே எண்ணுனேன். இப்போ அவன் போற வழியெல்லாம் சொல்லிட்டுப் போறான், “கம்ப்யூட்டரப் பாத்து கொட்டாய் கட்டுனா இப்படித்தான்”னு. அவன் மானம் அவனுக்கு. எல்லாருக்கும் ஒரு மானம் இருக்கு, எம் பொண்ணுக்குத்தான் இல்ல.

என்ன அடுப்படியவே பாக்கறீங்க? பால் வாசம் வரலியே. நீங்க பேனர எடுத்து விடுங்க, நான் போயிடறேன்.

எதுக்கு இந்த பேனருக்கு இவ்ளோ அவசரமா? அசிங்கமா இருக்குல்ல! உங்க வீட்டுக்காரரோட அறுபதாம் கல்யாணத்துக்கு உங்க தம்பிங்க வெச்ச பேனரு. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’னு போட்டு, மாலையும் கழுத்துமா நீங்க ரெண்டு பேரும். நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. அவருக்குத்தான் மூக்குகிட்ட கிழிஞ்சி தொங்குது. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?

அது எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சா? நீங்கதானே விசேஷம் முடிஞ்சதும் சுருட்டி வெளிய போட்டீங்க. கனமான சரக்கு, கிழியாது, மழை எறங்காது. யாராவது வுடுவாங்களா? நான் எடுத்துக்கிட்டேன். எடுத்து மாடியில கட்டுனேன். உங்க வீட்டுப் பக்கமா. உங்க மூஞ்சி எங்க பக்கம், வெள்ளைப் பக்கம் உங்க பக்கம். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.

ஏன் கட்டுனேன்னு நேராவே சொல்லிடறேன், ரேணுகாக்கா, மனசுல வெச்சிக்க எனக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரரு சாயங்காலம் மாடிக்கு வந்து நடக்கறாரு. நடக்கட்டும், சுகரு. ஆனா நான் வத்தல் காய வெக்கறப்போ, “என்னங்க, கூழு கொஞ்சம் தண்ணியாயிடுச்சா?”ன்னு கேக்கறாரு! என் வீட்டு மாடி, என் கூழு! கான்வென்ட்ல இதுக்குப் பேரு நான்சென்ஸ். அதான் அந்தப் பக்கம் உங்க பேனரக் கட்டிட்டேன். ரோட்டுப் பக்கம் லாரி போனா புழுதி, சோத்துல மண்ணு. பௌர்ணமி அன்னதானத்துக்கு வெச்ச பேனரு ஒண்ணு கெடைச்சிது, அந்தப் பக்கத்துக்கு அது. காலி மனைப் பக்கம் சாரல் அடிக்கும். அதுக்கு ஒரு கட்சி பேனரு. தலைவர் பல்லக் காட்டிக்கிட்டு என் மொளகாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நேத்து காத்துல அவரு ஏரிக்கே போயிட்டாருன்னு பால்காரன் சொன்னான். போகட்டும், எலெக்ஷனுக்குத் திரும்பி வருவாரு.

மூணு பக்கம் அடைச்சாச்சி. தொளதொளன்னு இல்ல, கட்டுக்கம்பி போட்டு முறுக்கி முறுக்கி, சட்டத்தோட சட்டமா. நான் ஒரு வேலை செஞ்சா அதுல பழுது இருக்காது. மலைப் பக்கம் மட்டும் மூடல. மலைய யாராவது மூடுவாங்களா? தீபம் பாக்கத்தானே கொட்டாயே. இந்த ஊர்ல எவன் வீடு கட்டுனாலும், காத்து வருதா, வெளிச்சம் வருதான்னு கேக்க மாட்டான், மலை தெரியுதான்னுதான் கேப்பான். மத்த பக்கம் மனுஷங்க தொல்லை, அந்தப் பக்கம் அண்ணாமலையாரு. அவரு பாத்துக்குவாருன்னு அவரு பக்கம் திறந்து விட்டேன்.

பாத்துக்கிட்டாரு, நல்லா. நேத்து சாயங்காலம் காத்து எங்கருந்து வந்துச்சின்னு நெனைக்கறீங்க? மலைப் பக்கத்துலருந்து! ஒரு சிவப்புப் புழுதி, அப்படியே எறங்கி வருது. நான் மொளகாய அள்ளலாம்னு மாடிப்படி பாதி ஏறிட்டேன். அங்கருந்தே பாத்தேன். மூணு பேனரும் ‘பும்’முனு உப்பிடுச்சி, ஊதுன பலூன் மாதிரி. உங்க ரெண்டு பேருக்கும் கன்னமெல்லாம் உப்பிப் போச்சி. ஒரு நொடிதான். கொட்டாய் அப்படியே மூச்ச இழுத்துப் புடிச்ச மாதிரி இருந்துச்சி, அப்புறம் ‘படார்’னு மேல எழுந்துச்சி. நாலு காலும் நட்டபடி நிக்குது, மேல இருந்த சட்டம் சீட்டோட, போல்ட்டோட... போல்ட்டு ஒண்ணு கூட கழலலங்க. காலுக்கும் சட்டத்துக்கும் வெல்டு வெச்ச எடத்துலதான் பிச்சிக்கிட்டுப் போச்சி. தேர் மாதிரி காம்பவுண்டத் தாண்டி உங்க வீட்டுல வந்து எறங்கிடுச்சி.

எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணாரு? ராத்திரியே போன் போட்டுட்டாரு. “உன் கூரை பறந்துடுச்சி. பக்கத்து வீட்டு சார் தப்பிச்சதே பெரிசு.” அவ்ளோதான், வெச்சிட்டாரு. அந்தப் பொண்ணு என்ன ஆகியிருக்கும்? உடனே எனக்கு போன் பண்றா. “யாருக்காவது அடி பட்டுச்சாம்மா?”ன்னு அதத்தான் மொதல்ல கேட்டா. இல்லடின்னேன். அப்புறம் எந்தப் பக்கத்துக் காத்து, எது பிச்சிக்கிச்சி, போல்ட்டா, வெல்டா... டாக்டரு மாதிரி கேக்கறா. எல்லாத்துக்கும் சொன்னேன்.

இதுல இன்னொண்ணு இருக்கு, ரேணுகாக்கா. அவ ஆபீஸ்ல இப்போதான் மொதல் தடவையா அவ பொறுப்புல ஒரு கூரைய விட்டிருக்காங்க. ஒரு ஸ்கூலுக்குப் பெரிய ஹாலு. ரெண்டு பக்கமும் சாய்ப்பு. திங்கக்கெழம இரும்புச் சட்டத்த மேல தூக்கி மாட்டறாங்க. “நம்ம வீட்டுக் கூரைக்கே எனக்குக் கணக்கு தெரியலன்னா, புள்ளைங்க உக்கார்ற ஹாலுக்கு எப்படிம்மா கையெழுத்து போடுவேன்? கொட்டாய வந்து பாத்துட்டு, எங்க தப்புன்னு தெரியலன்னா, சீஃப் கிட்ட சொல்லி அத நிறுத்திடறேன். இந்த வேலையே எனக்கு வேணாம்”ன்றா. அவ சொன்னா செய்வா. அப்பன மாதிரி பேசிட்டுத் தூங்கறவ இல்ல. இந்த மனுஷனுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம் வேற! ஆரணியில ஒரு வரன் ரெடியா வெச்சிருக்காரு. “கணக்கு போட்டது போதும், கல்யாணத்தப் பண்ணிட்டு குடும்பத்தப் பாக்கட்டும்”ன்றாரு. நான் பாக்கறேனே குடும்பம், பாக்கத் தெரியலயா இவருக்கு? அவளும் வந்து இன்னொரு ஹால்ல மொச்சை உரிக்கணுமா? அதுக்கா படிக்க வெச்சேன்?

போன வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா. “அம்மா, நீங்க ஏதாவது மாத்துனீங்களா? பக்கத்துல எதையாவது கட்டுனீங்களா?”

நான்... ‘நான் ஏண்டி மாத்தப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லயா?’ன்னுட்டேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? பேனரு கட்டறது ஒரு மாத்தமா? மாடி இருக்கற வீட்டுல நாலு துணி காயப் போடுவாங்க, அதுக்காக வீடு பறந்துடுமா? சும்மா காத்தத் தடுக்கத்தானே கட்டுனேன். உள்ள வர்ற காத்து...

உள்ள வர்ற காத்து, மலைப் பக்கமா வரும். வந்துட்டு...

பொங்கலுக்கே கேட்டா, ரேணுகாக்கா. கடைசியா, எல்லாம் முடிச்சிட்டு, என் பக்கம் திரும்பி கேட்டா. “அம்மா, நாலு பக்கமும் திறந்தேதானே இருக்கும்? திறந்திருந்தா காத்து இப்படி வந்து அப்படிப் போயிடும். மூணு பக்கம் அடைச்சிட்டா, வந்த காத்துக்கு வழி இல்லாம கீழருந்து முட்டித் தூக்கும், மேலருந்து வேற உறிஞ்சும். அது வேற கணக்கும்மா, கால்கிட்ட வெல்டெல்லாம் ஜாஸ்தி வேணும். அடைக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.” அட்சரம் பிசகாம சொல்றேன் பாருங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ‘திறந்தேதாண்டி இருக்கும், எழுந்து வந்து சாப்புடு’ன்னேன். குழம்பு ஆறுது, அதான் எனக்குக் கவலை. பாலிதீன் பைய விரிச்சி காத்துக்கு எதிரா புடிச்சா என்ன ஆகும்னு அஞ்சு வயசுப் புள்ளைக்குத் தெரியும். நான் மாடியில ஒரு பைய விரிச்சி, வாய மலைப் பக்கம் வெச்சி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருக்கேன்.

சரி, நான்தான்! போதுமா? அப்படிப் பாக்காதீங்க. அவ மைனஸும் சரி, அம்பும் சரி, போல்ட்டும் சரி. கேட்ட கேள்வியும் சரி. பதில்தான் தப்பு. அந்த சிஸ்டர் இருந்திருந்தா இந்த செவுத்துகிட்டயே முட்டி போட வெச்சிருப்பாங்க.

உங்க வீட்டுக்காரர் நடந்தாருன்னு கட்டுனேன். கட்டுனது போயி அவரு சேர் மேலயே விழுந்துச்சி. ஐயோ, கடவுளே... அவர் கிட்ட இத சொல்லாதீங்க. கூழு தண்ணின்னது கூட நெஜம்தான். அன்னிக்குத் தண்ணியாத்தான் போச்சி.

இப்போ புரியுதா எதுக்கு பேனருன்னு? பஸ்ஸு செஞ்சிக் கோட்டையத் தாண்டிடுச்சின்னு அப்போவே போன் பண்ணிட்டா. இந்நேரம் பஸ்ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோ புடிச்சிருப்பா. கட்சி பேனரு ஏரியில. அன்னதான பேனர நான் காலையிலயே கிழிச்சி அடுப்பு மேடைக்குக் கீழ சொருகிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. இதயும் எடுத்துட்டா அவளுக்குத் தெரிய வழியே இல்ல. மேல போயி அளப்பா, கீழ வந்து கணக்கப் பாப்பா, திரும்ப மேல போவா. சாயங்காலம் வரைக்கும் தேடுவா. கெடைக்காது. கெடைக்கவே கெடைக்காது, ஏன்னா கணக்குல தப்பு இல்ல. அப்புறம் சீஃபுக்கு போன் பண்ணுவா.

அப்புறம் ஆரணி.

அந்த முனை வந்துடுச்சா? எடுத்து விட்டுட்டீங்களா? லூசாயிடுச்சி... வருது, வருது. தோ, உங்க கழுத்து மாலை வந்துடுச்சி... இருங்க. இருங்க, போதும். இழுக்கல. இத எடுத்துட்டுப் போயி நான் என்ன பண்ணப் போறேன்? எம் பொண்ணு வேலைய அடுப்பு மேடைக்குக் கீழ சொருகவா?

ஒண்ணு பண்ணலாம். செவுத்து மேலயே நீளத்துக்கு விரிச்சி விட்டுடலாம். கேட்டத் திறந்ததும் அவ கண்ணுல இதுதான் படணும். ஓரத்துல வளையத்தப் பாருங்க, நான் முறுக்குன கம்பி இன்னும் அப்படியே இருக்கு. என் முறுக்கு அவளுக்குத் தெரியும், எங்க வீட்டு அப்பளப் பொட்டலத்தக் கூட நான் அப்படித்தான் முறுக்குவேன். “அம்மா, இது எங்க கட்டியிருந்துச்சி?”ன்னு கேப்பா. கேட்டா சொல்லிடுவேன். சத்தியமா சொல்லிடுவேன், ரேணுகாக்கா, மூணு பக்கமும்னு சொல்லிடுவேன். நானா ஆரம்பிக்கறதுதான் எனக்கு வராது. எங்க வீட்டுல எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. இந்த மனுஷன் எதுர்ல நான் தப்புன்னு சொல்லி... ஆயுசுக்கும் விட மாட்டாரு. போகட்டும். கேக்கட்டும் அவரும்.

ஆட்டோ சத்தம்தானே அது? திரும்புது. நம்ம தெருவுக்குத்தான்.

சீக்கிரம். உங்க மூஞ்சி மேல இருக்கற மாதிரி போடலாம், அவரு கிழிசல் அந்தப் பக்கம் மடங்கிடும், யாரும் பாக்க மாட்டாங்க. என் பக்கம் ஒரு கல்லு வெச்சிட்டேன். சுருட்டிக்குது பாருங்க, சனியன், காத்து இன்னும் அடங்கல. அந்தப் பக்கம் நீங்க இழுத்துப் புடிச்சீங்கன்னா நேரா நின்னுடும். ரேணுகாக்கா?

பால் பொங்கிடுச்சா? எங்க போயிட்டீங்க... கதவு சாத்துன மாதிரி கேட்டுச்சே. ரேணுகாக்கா?

ஆட்டோ நின்னுடுச்சி. எங்க கேட்டுதான் கிறீச்சுன்னுது. அக்கா... ஒரே ஒரு நிமிஷம் வாங்க. அந்த முனைய மட்டும் கொஞ்சம் புடிங்களேன்.